பாவு பிணைக்க ஓர் இடம்

காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது கூரம் என்னும் சிற்றூர். வைணவ அன்பர்களுக்கு அது இராமாநுசரின் தலைமைச் சீடரான கூரத்தாழ்வான் பிறந்த திருத்தலம். வரலாறு பயில்வோர்க்கு அது பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேட்டால் பெயர் பெற்ற ஊர். எனக்கோ அது, நான் ஒரு பெண்ணுக்குத் தவறிழைத்த ஊர். அத்தவறை ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்றுவிட்டேன். எனினும், பங்குத்தந்தை ஒருவரின் தவறு பங்கு மக்களையும் பாதிக்கக் கூடியதாகையால், அதைப் பொதுவில் சொல்வதும் ஒருவகைப் பரிகாரமே எனக் கருதி இதை எழுதுகிறேன்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து மாலை ஒன்றில் அவர் என்னைத் தேடி வந்தார். கூரத்து நெசவாளர் குடும்பம் ஒன்றின் மகள். வணிகவியலில் பட்டம் பெற்றவர். கணவர் மதராஸ் ரெஜிமென்ட்டில் அவில்தார். திருமணமாகிப் பத்தாண்டுகளில் வெலிங்டன், செகந்திராபாத், இன்னும் வடக்கே இரண்டு ஊர்கள் என்று கணவரோடு சென்றிருந்தார். இப்போது கணவரை எல்லைப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. எனவே இரு பிள்ளைகளுடன் தாய் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

கொரோனா காலத்தில் பலருக்கு வாய்த்ததுபோல் அவருக்கும் வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்று வாய்த்திருந்தது. சென்னையில் உள்ள தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றிற்காகச் சிறு கடைக்காரர்களின் ஜி.எஸ்.டி. கணக்குகளைக் கணினி வழியே முடித்துக் கொடுப்பார். மாதந்தோறும் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கு. தேதி தவறினால் கடைக்காரருக்கு அபராதம். ஆனால் தாய் வீட்டில் இருந்ததோ கூடமும் ஓர் அறையும்தான். கூடத்தில் தறி. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை அதன் ஓசை. மின்சாரம் நின்றால் இணையமும் நின்றுவிடும்.

"ஃபாதர், மறைக்கல்வி அறை ஞாயிற்றுக்கிழமை தவிர மத்த நாளெல்லாம் பூட்டித்தான் இருக்கு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரத்துல நான் அங்க உட்கார்ந்து வேலை பார்க்கட்டுமா? கரண்டுக்கு ஆகுற செலவை நானே கொடுத்துடறேன்" என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. "அம்மா, அது இறைவார்த்தை கற்பிக்கும் இடம். கடைக் கணக்குப் பார்க்கும் இடம் அன்று" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறையுரை ஆற்றிப் பழகிய நாவு நிற்கவில்லை. அவர் ஊர்க் கதையையே அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

கூரத்தாழ்வான் பெருஞ்செல்வர். அத்தனையையும் துறந்து, மனைவி ஆண்டாளுடன் திருவரங்கம் நோக்கி நடந்தார். காட்டு வழியில் அம்மையார் அஞ்சினார். "மடியில் ஏதேனும் வைத்திருக்கிறாயோ?" என்று கணவர் வினவ, தாங்கள் அமுது செய்வதற்கென ஒரு பொன் வட்டில் கொண்டுவந்தேன் என்றார் அவர். ஆழ்வான் அதை வாங்கி வீசி எறிந்துவிட்டு, இனி அச்சமில்லை, வா என்றாராம். இந்தப் பரம்பரைச் செய்தியைச் சொல்லி, "உன் கணவர் நாட்டுக்காக எல்லையில் நிற்கிறார். பிள்ளைகளை வளர்ப்பதும் அவருக்காகச் செபிப்பதுமே இப்போது உன் அழைத்தல். மற்றவற்றை இறக்கி வைத்துவிடு, பயம் போய்விடும்" என்றேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. "சரிங்க ஃபாதர்" என்று மட்டும் சொல்லி, கைகூப்பிவிட்டுச் சென்றார். நல்லதோர் அறிவுரை வழங்கிய நிறைவோடு நான் இரவு செபத்திற்குச் சென்றேன்.

அடுத்த தவக்காலத்தில் வீடு சந்திக்கக் கூரத்திற்குச் சென்றேன். அவர் வீட்டில் அன்று தறி ஓடவில்லை. ஒரு பாவு நெய்து முடிந்திருந்தது. புதிய பாவைப் பிணைத்துக் கொண்டிருந்தார்கள். அதற்கென வந்திருந்த முதியவர் ஒருவர் தறியின் முன் குனிந்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, பழைய பாவின் இழை ஒன்றையும் புதிய பாவின் இழை ஒன்றையும் சேர்த்துத் திரித்தார். அடுத்த இழை. அதற்கடுத்தது. ஆயிரக்கணக்கான இழைகள்.

"பழையதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகவே கோத்தால் என்ன?" என்று அறியாமல் கேட்டேன். அந்தப் பெண்ணின் தாயார் சிரித்தார்.

"அதெப்படி சாமி? பழைய பாவோட நுனி விழுதுலயும் அச்சுலயும் கோத்தபடி நிக்குதே. அதோட பிணைச்சு இழுத்தா, புதுப் பாவு தானா அது வழியே வந்துடும். அதை அறுத்துப் போட்டா, ஒவ்வொரு இழையா மறுபடி முதல்லேருந்து கோக்கணும். எத்தனை நாள் கூலி போவும்!"

சற்று நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என் பொண்ணுக்குத்தான் அப்படி ஆயிப்போச்சு. எந்த ஊருக்குப் போனாலும் முதல்லேருந்து கோக்குறா. பிப்ரவரி 20-ஆம் தேதி கரண்டு இல்ல. ராத்திரி வரைக்கும் தெருத் தெருவா போனைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சா. நாலு கடைக் கணக்கு போய்ச் சேரலை. அந்த ஆபீசுல இனிமே வேணாம்னுட்டாங்க. அழலை சாமி. கம்ப்யூட்டரை மூடி பீரோவுல வச்சுட்டா."

பிப்ரவரி 20, 2023. அதற்கு இரண்டாம் நாள் சாம்பல் புதன். அன்று காலைத் திருப்பலியில் அவர் நெற்றியிலும் நான்தான் சாம்பல் பூசினேன். மனம் திரும்புங்கள் என்று மக்களுக்குச் சொன்னேன். எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது அதே சாம்பலைத் தொட்டு ஒரு முதியவர் அறுந்ததைச் சேர்த்துக் கொண்டிருந்தார். நானோ பூட்டிய அறையின் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு என் மனத்தில் வந்து நின்றது, திருத்தூதர் பணிகள் 18-ஆம் அதிகாரம். குருமடத்தில் அதைப் பவுலடியாரின் பயண வரலாறாகவே படித்தோம். கிளவுதியு பேரரசரின் ஆணையால் யூதர்கள் உரோமையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அப்படி வெளியேறிய அக்கிலாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் கொரிந்துக்கு வந்தனர். அவர்கள் தொழில் கூடாரம் செய்தல். பவுலின் தொழிலும் அதுவே. எனவே அவர் அவர்களிடம் தங்கி, உடனிருந்து வேலை செய்தார். பிறகு அத்தம்பதியர் எபேசுக்குச் சென்றனர். உரோமையருக்கு எழுதிய மடலில் பவுல் அவர்களுக்கு வாழ்த்துக் கூறுவதிலிருந்து, மீண்டும் உரோமைக்கே திரும்பினர் என அறிகிறோம்.

அரசாணை ஒன்றினால் ஊர் விட்டு ஊர் சென்றவர் பிரிஸ்கில்லா. போகுமிடமெல்லாம் தொழிலைக் கையோடு கொண்டு சென்றார். அந்தத் தொழிற்கூடம் வழியாகவே திருத்தூதர் ஒருவருக்கு உணவும் உறைவிடமும் கிடைத்தன. அவர்கள் வீட்டிலேயே திருச்சபையும் கூடியது. ஊசியும் தோலும் கிடந்த இடம் இறைவார்த்தைக்குத் தகாத இடம் என்று பவுல் நினைத்ததாகத் தெரியவில்லை. கடைக் கணக்குக்கும் இறைவார்த்தைக்கும் நடுவே சுவர் எழுப்பியவன் நான்தான்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். வேலை மனிதனுக்காக, மனிதன் வேலைக்காக அன்று என்பது அதன் அடிநாதம். உழைப்பில் மனிதர் பொருளை மட்டும் ஆக்குவதில்லை, தம்மையும் ஆக்கிக்கொள்கின்றனர் என்பது அவர் போதனை. அவருடைய தந்தையார் ஓர் இராணுவ அதிகாரி என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருத்தம். இதை நான் குருமாணவர்களுக்குக் கற்பித்தும் இருக்கிறேன். ஆனால் என்முன் நின்ற பெண்ணின் வேலையைக் கைச்செலவுக்கான வருமானம் என்றே எண்ணினேன். கணவரின் பணியை அழைத்தல் என்றேன். மனைவியின் பணியை இறக்கி வைக்க வேண்டிய சுமை என்றேன்.

பொன் வட்டிலின் கதையையும் தவறாகவே பயன்படுத்தினேன். ஆண்டாள் அம்மையார் சுமந்தது வழிப்பறிக்கு உள்ளாகக் கூடிய பொன். அதை எறிந்தபின் அச்சம் நீங்கியது. இந்தப் பெண் சுமந்ததோ கல்வியும் கைத்திறனும். அவை கள்வர் கொள்ளக் கூடியவை அல்ல. அவற்றை எறிந்தால்தான் அச்சம் தொடங்கும். இறைமகன் சொன்ன தாலந்து உவமையில், கொடுக்கப்பட்டதை மண்ணில் புதைத்தவனைத் தலைவன் பாராட்டவில்லை. புதைக்கச் சொல்லி அறிவுரை வழங்கியவனை என்ன செய்திருப்பானோ!

பிறகுதான் இராணுவக் குடும்பங்களின் வாழ்வைக் கேட்டறியத் தொடங்கினேன். நம் வட மாவட்டங்களில் படைவீரர் இல்லாத ஊர் அரிது. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே மக்கள் அழைப்பர். அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் 'ராஜாளி' விமானத் தளம் இயங்குகிறது. பணியிடம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். குடும்பத்தோடு இருக்கத்தக்க ஊர் ஒன்று வாய்த்தால், அடுத்தது பெரும்பாலும் குடும்பத்தைப் பிரிந்திருக்க வேண்டிய எல்லைப் பகுதி. ஒவ்வொரு மாற்றத்திலும் கணவரின் பணிமூப்பு அவரோடு செல்கிறது. மனைவியின் பணிமூப்போ பழைய ஊரிலேயே நின்றுவிடுகிறது.

உதவி இல்லாமல் இல்லை. படைவீரர் மனைவியருக்கான நலச் சங்கம் 1966-இல், பாகிஸ்தானோடு நடந்த போருக்கு மறு ஆண்டு, பதிவு செய்யப்பட்டது. தையலும் கணினியும் கற்பித்து, போரில் கணவரை இழந்தோரைத் தாங்கி வருகிறது. 1983-இல் தொடங்கிய இராணுவ நலக் கல்விச் சங்கத்தின் பள்ளிகளில் படைவீரர் மனைவியர் பலர் ஆசிரியைகளாக உள்ளனர். கணவனும் மனைவியும் அரசுப் பணியாளராயின் இயன்ற வரை இருவரையும் ஒரே ஊரில் அமர்த்த வேண்டும் என்று நடுவண் அரசு 1986-லும், பின்னர் 2009-லும் ஆணையிட்டது. ஆனால் ஆசிரியையாகவோ அரசு ஊழியராகவோ இல்லாத பெண்ணுக்கு இவற்றால் பெரும்பயன் இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய துன்பமும் அன்று. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலேயே, வேலை தேடும் படைவீரர் துணைவியருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வேலை கிடைப்பதில்லை என்று அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுகளே கூறி வந்துள்ளன. இங்கிலாந்தில் படைமுகாம்களை ஒட்டியே பொதுப் பணியிடங்கள் சிலவற்றை அமைத்துள்ளனர். மேசை, நாற்காலி, இணையம், தேநீர், பேச்சுத் துணை, இவ்வளவுதான் அங்கே. தத்தம் முதலாளிக்குத் தத்தம் வேலையைச் செய்கிறார்கள். இடம் மட்டும் பொது. நம் தமிழ்நாட்டிலும், படைவீரர் குடும்பங்களுக்கென்று இல்லாவிடினும், சென்னைக் கொளத்தூரில் 2024 நவம்பரில் 'முதல்வர் படைப்பகம்' என்னும் பெயரில் அரசே அத்தகைய பொதுப் பணியிடம் ஒன்றைத் திறந்தது.

நாங்கள் அதற்கு முன்பே, 2023-இல் உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில், மறைக்கல்வி அறையைத் திறந்தோம். எளிதாக நடந்துவிடவில்லை. பங்குப் பேரவையில் மூன்று கேள்விகள் எழுந்தன. மின்கட்டணம் யார் கொடுப்பது? பிற சமயத்தார் வந்தால் என்ன செய்வது? நாளை ஒருவர் அதையே கடையாக்கிவிட்டால்?

நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்கு, பயன்படுத்துவோர் பகிர்ந்து கொடுப்பர் என்று முடிவாயிற்று. மூன்றாவதற்கு, காலை 9.30 முதல் பிற்பகல் 2 வரை மட்டும், ஞாயிறும் திருநாள்களும் அடக்கச் சடங்கு நடக்கும் நாளும் இல்லை என்று விதி செய்தோம். இரண்டாம் கேள்விக்குக் கூரத்தின் செப்பேடே எனக்கு விடை தந்தது. ஏழாம் நூற்றாண்டில் பரமேசுவர பல்லவன் அவ்வூரில் ஒரு மண்டபத்திற்குக் கொடை வைத்தான். அம்மண்டபத்திற்குத் தண்ணீரும் நெருப்பும் அளிக்க ஒரு பங்கு. அங்கே பாரதம் வாசிக்க ஒரு பங்கு. ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பே, மண்டபம் கட்டினால் மட்டும் போதாது, நாள்தோறும் தண்ணீரும் வெளிச்சமும் வேண்டும் என்று அவ்வூருக்குச் சிந்தித்திருக்கிறார்கள். "அன்று தண்ணீரும் நெருப்பும். இன்று மின்சாரமும் இணையமும். அந்த ஊரிலிருந்து வருபவரிடம் நாம் சமயம் கேட்டா கதவைத் திறப்பது?" என்றேன். பேரவை இசைந்தது.

முதலில் அந்தப் பெண் வரவில்லை. நானே வீட்டுக்குச் சென்று, "அன்று நான் சொன்னது தவறு அம்மா. மன்னித்துவிடு" என்றேன். அவர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். "ஃபாதர், நீங்க போய் என்கிட்ட..." என்று தொடங்கியவர், முடிக்காமல் பீரோவைத் திறந்தார்.

மறைக்கல்வி அறையில் இரண்டு மேசைகள் போட்டோம். அலுவலகத்து இன்வெர்ட்டரிலிருந்து ஓர் இணைப்பு இழுத்தோம். முதல் மாதம் அவர் ஒருவரே. பிறகு துணை இராணுவப் படைவீரர் ஒருவரின் மனைவி வந்தார். அவர் இந்து சமயச் சகோதரி. கணினி வழியே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். பணியில் கணவரை இழந்த இளம்பெண் ஒருவர் அரசுத் தேர்வுக்குப் படிக்க வந்தார். இவ்வளவுதான் எங்கள் பணியிடம். இதைப் பெருஞ்சாதனையாகக் கூற வரவில்லை.

ஆனால் எதிர்பாராத ஒன்றை அவர்கள் எனக்குக் கற்பித்தார்கள். மேசையும் மின்சாரமும்தான் தேவை என்று நான் எண்ணியிருந்தேன். ஒருநாள் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பெண் சொன்னார்: "வீட்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தா, சும்மாதான் இருக்கான்னு நினைச்சு, அத்தை அரிசி களையக் கூப்பிடுவாங்க ஃபாதர். இப்ப பையை மாட்டிக்கிட்டுக் கிளம்புறேன். எங்கம்மா போறேன்னு தெருவுல கேட்டா, வேலைக்குப் போறேன்னு சொல்றேன். அத்தையே டப்பாவுல சோறு கட்டித் தர்றாங்க." வேலைக்குப் போகிறேன் என்று சொல்ல ஓர் இடம் வேண்டும் என்பதை எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

மற்றொன்று, துணை. எல்லையில் துப்பாக்கிச் சூடு என்று தொலைக்காட்சியில் செய்தி வந்த நாள்களில், அந்த மூவரும் வேலை செய்ததைவிட ஒருவர் கைப்பேசியை ஒருவர் பார்த்திருந்ததே மிகுதி. ஒருவருக்கு அழைப்பு வந்தால் மூவருக்கும் மூச்சு வரும். கணவரை இழந்தவரே மற்ற இருவருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுப்பார். அறைக்கு வெளியே நின்று அதைக் கண்ட நான் உள்ளே செல்லவில்லை. என் ஆறுதல் உரை அங்கே தேவைப்படவில்லை.

2025-இல் அவர் கணவர் எல்லையிலிருந்து, குடும்பத்தோடு வாழத்தக்க வடநாட்டு ஊர் ஒன்றிற்கு மாற்றப்பட்டார். மகிழ்ச்சிச் செய்திதான். ஆனால் விடைபெற வந்தவர் முகத்தில் பழைய நிழல் ஒன்றும் இருந்தது. "திரும்பவும் முதல்லேருந்து கோக்கணுமோ ஃபாதர்?" என்றார். அவர் தாயாரின் சொல் அது.

அவ்வூர்ப் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவரை நான் அறியேன். அவர் மொழி வேறு, வழிபாட்டுப் பாடல் வேறு. இப்பெண் யார், என்ன வேலை செய்கிறார், ஒரு மேசையும் நான்கு மணி நேர அமைதியும் கிடைத்தால் இவர் தொழில் அறுபடாது என்று எழுதினேன். திருமணத்திற்கும் திருமுழுக்கிற்கும் ஒரு பங்கிலிருந்து மறு பங்கிற்குச் சான்றிதழ் அனுப்புகிறோமே, தொழிலுக்கு ஏன் அனுப்பக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

அன்பு வாசகர்களே, வெலிங்டனிலும், ஆவடியிலும், தாம்பரத்திலும், பரங்கிமலையிலும், அரக்கோணத்திலும் படைவீரர் குடும்பங்கள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன. அவ்வூர்களிலெல்லாம் நம் ஆலயங்களும் உள்ளன. நம் பங்குகளுள் பெரும்பாலானவற்றில் வாரத்தில் ஆறு நாள்கள் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை இருக்கும். நாட்டுக்காக உயிர் கொடுப்போரைக் குடியரசு நாளில் நினைந்து செபிக்கிறோம். அவர்களுக்காகத் தம் வாழ்வின் இழையை மீண்டும் மீண்டும் அறுத்துக்கொள்ளும் பெண்களுக்குச் சாவி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுப்பதும் செபமே.

என் கடிதத்திற்கு அந்தப் பங்குத்தந்தை நேராகப் பதில் எழுதவில்லை. வருத்தந்தான். ஆனால் அந்த ஊருக்கு அவர் சென்ற இரண்டாம் மாதம், 20-ஆம் தேதி மாலை, என் கைப்பேசிக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"ஃபாதர், பாடகர் குழு அறையில் ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில். இந்த மாதக் கணக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது."